மொண்டேவெர்தே மேகக்காட்டில் முதல் ஜிப்லைன்: உயரம் என்றால் பயம், போகலாமா?

பவளமல்லி

வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு கோஸ்டா ரிக்கா போகிறோம். சான் ஹோசேயில் இறங்கி, அரெனால் எரிமலைப் பக்கம் தங்கிவிட்டு, ஏரியைக் கடந்து மொண்டேவெர்தே. நான், கணவர், ஒன்பது வயது மகள், கூடவே என் மாமியார்.

காட்டுக்குள் ஜிப்லைன் (மேடைக்கு மேடை கட்டிய கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போவது) போயே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கோ நாலாவது மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். அவளை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை. வீடியோக்களில் எல்லாரும் கத்திக்கொண்டே போகிறார்கள், அதைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.

கையால் பிரேக் பிடிக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா? பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? மழையில் ஓட்டுவார்களா? எது பாதுகாப்பான இடம் என்று நம்மைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? போய் வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைப்பாதை

நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 1990-களின் நடுவில் சுற்றுலாப் பயணிகளுக்கான மரவிதான (மர உச்சிகளின் கூரை) ஜிப்லைன் வணிகமாகத் தொடங்கியது மொண்டேவெர்தேயில்தான். அதற்கும் முன்பு 1970-களில் டொனால்டு பெர்ரி என்ற உயிரியலாளர், அதே நாட்டின் லா செல்வா ஆய்வு நிலையத்தில் மர உச்சிகளுக்குக் கயிறு கட்டி ஏறி ஆராய்ச்சி செய்தார். விஞ்ஞானிகள் மேலே போகப் பயன்படுத்திய வழிதான் பிறகு பயணிகளுக்கும் வந்தது.

கை பிரேக் விஷயம்: இடத்துக்கு இடம் மாறும். சில சுற்றுகளில் தடித்த தோல் கையுறை தருவார்கள். உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து மெதுவாக அழுத்தினால் வேகம் குறையும். கை எப்போதும் கப்பிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் கப்பி விரல்மேல் ஏறிவிடும். பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வேறு சில இடங்களில் நீங்கள் எதையும் தொட வேண்டாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மறுமுனையில் ஸ்பிரிங்கோ கயிறோ வைத்து அவர்களே நிறுத்துவார்கள். உங்கள் பயத்தோடு போகும்போது இரண்டாவது வகையே நல்லது. முன்பதிவு செய்யும்போதே "பிரேக் யார் பிடிப்பது?" என்று கேட்டுவிடுங்கள்.

டிசம்பர் கடைசி அங்கே கூட்டமான காலம். காலையின் முதல் சுற்றுக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள்.

நித்யகல்யாணி

பாதியில் நிற்பது பற்றிச் சொல்கிறேன், என் பையனுக்கு நடந்தது. ஒல்லியானவன். எதிர்க்காற்று வேறு. மேடைக்குச் சற்று முன்னால் வேகம் செத்து நின்றுவிட்டான். நின்ற இடத்திலிருந்து மெல்ல பின்னால் உருண்டு கம்பியின் தாழ்வான பகுதிக்குப் போய்விட்டான். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

வழிகாட்டி துளிகூடப் பதறவில்லை. தன் சேணத்தை (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைக் கட்டு) கம்பியில் மாட்டிக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றிக் கம்பியைப் பிடித்து இழுத்தபடி பையனிடம் போனார். அவனைத் தன் இடுப்புக் கொக்கியோடு இணைத்து அதே மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார். இது அவர்களுக்குத் தினமும் நடப்பது. பெரியவர்கள் நின்றுவிட்டால், போய்ச் சேர வேண்டிய மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கம்பியைப் பிடித்து நாமே இழுத்து நகரலாம். அதையும் பயிற்சியில் காட்டுவார்கள்.

எடை குறைந்த குழந்தைகளை நீளமான கம்பிகளில் வழிகாட்டியோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இருவர் எடை சேர்ந்தால் நிற்காமல் போய்ச் சேரும். பயம் பாதியாகும்.

எஃகுக்கயிறு

கயிற்றில் தொங்கி உயரத்தில் வேலை பார்ப்பது என் தொழில். காற்றாலைகள், ஆலைப் புகைபோக்கிகள். அந்தக் கண்ணோடு ஜிப்லைனைப் பற்றிச் சொல்கிறேன். பயத்துக்கு நல்ல மருந்து, எது எதைத் தாங்குகிறது என்று தெரிந்துகொள்வதுதான்.

கம்பி ஏன் விறைப்பாக இல்லாமல் தொய்வாக இருக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். அதை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ, ஈரத்துணி போட்டதும் இரண்டு முனையிலும் இழுவிசை அவ்வளவு கூடும். ஜிப்லைனிலும் இதே கணக்குதான். 100 மீட்டர் நீளக் கம்பியில் 80 கிலோ ஆள் நடுவில் தொங்கும்போது அங்கே 3 மீட்டர் தொய்வு இருந்தால், அவர் எடையால் கம்பியில் வரும் இழுவிசை ஏறத்தாழ 670 கிலோ. தொய்வை ஒரு மீட்டராகக் குறைத்தால் அது 2,000 கிலோ ஆகிவிடும். ஆகவே தொய்வு வேண்டுமென்றே விடப்பட்டது, அதுதான் பாதுகாப்பு. 12 மில்லிமீட்டர் எஃகு வடம் அறுவதற்கு எட்டு டன்னுக்கு மேல் விசை வேண்டும். சேணத்தை மாட்டும் கொக்கி சாதாரணமாக இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. தொடங்கும் இடத்துக்கும் தாழ்ந்த புள்ளிக்கும் 30 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், உராய்வே இல்லாவிட்டால் மணிக்கு 87 கிலோமீட்டர் வரும். காற்றும் கப்பியும் நிறையத் தின்றுவிடும், நிஜத்தில் அதைவிடக் குறைவு. கனமானவர் வேகமாகப் போவார், ஏனென்றால் காற்றுத்தடை அவரை அவ்வளவாக நிறுத்துவதில்லை. கம்பி நனைந்திருந்தால் கையுறை வழுக்கும், பிரேக் தாமதமாகப் பிடிக்கும்.

ஆக, கம்பி அறுவதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். கவனிக்க வேண்டியது மனிதர்கள் செய்யும் வேலையை. மேடையில் நிற்கும்போது உங்களை மரத்திலோ தூணிலோ உள்ள கயிற்றில் மாட்டியிருக்கிறார்களா? கம்பியிலிருந்து கழற்றும் முன் அந்தக் கயிற்றில் மாட்டுகிறார்களா? ஒரு நொடிகூட எதிலும் மாட்டாமல் நீங்கள் நிற்கக் கூடாது. கப்பி தவிர, கம்பியில் தனியாக இன்னொரு கயிறு உங்களைப் பிடித்திருக்கிறதா? மறுமுனையில், உங்கள் கையை நம்பாத இரண்டாவது தடை இருக்கிறதா? சேணத்தின் தொடைப் பட்டையை ஒருவர் மாட்டி இன்னொருவர் சரிபார்க்கிறாரா? இந்த ஐந்துக்கும் ஆம் என்றால் நானே என் பிள்ளைகளை அனுப்புவேன்.

மலைப்பாதை

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிடிக்கவில்லை என்றால் பணத்தை விட்டுவிட்டுத் திரும்பி வரலாம். வேறொரு நாட்டில் (பெயர் வேண்டாம்) எங்கள் குழுவில் ஆட்கள் அதிகம், வழிகாட்டிகள் இரண்டே பேர். முதல் மேடையில் யாரையும் எதிலும் மாட்டாமல் வரிசையில் நிற்க வைத்தார்கள். நாங்கள் இறங்கிவிட்டோம். பணம் திருப்பித் தரவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தமில்லை.

சோலைக்காடு

நான் மாற்றுக் கருத்தோடு வருகிறேன், சகோதரி தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேகக்காடு என்பது உலகத்தில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் காட்டு வகை. நான் நீலகிரிக்காரன். எங்கள் சோலைகளும் மேகத்தைக் குடித்து வாழ்பவைதான், அதனால் மொண்டேவெர்தேயில் கால் வைத்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. கரீபியன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமுகட்டில் ஏறி மேகமாகி மரங்களுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. ஒவ்வொரு கிளையிலும் பாசி மெத்தை, அதற்குள் பெரணி, ஆர்க்கிட், அன்னாசிக் குடும்பத்துச் செடிகள். அந்தச் செடிகளின் இலைக்கிண்ணத்தில் தேங்கும் தண்ணீரில் பூச்சிகளும் தவளைகளும் வாழ்கின்றன.

நளினி நாட்கர்ணி என்ற ஆய்வாளர், தந்தை இந்தியர், இந்த மொண்டேவெர்தே விதானத்தில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்தவர். மரங்கள் தங்கள் கிளைமேல் சேர்ந்த பாசி மண்ணுக்குள்ளேயே வேர் விட்டுச் சத்து எடுக்கின்றன என்று 1981-இல் சயின்ஸ் இதழில் எழுதினார். கிளைகளில் பாசியை உரித்துவிட்டு அது எப்படித் திரும்ப வருகிறது என்றும் பார்த்தார். திரும்பி வருவது மிக மிக மெதுவாக, பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். நாள் முழுக்க மக்கள் மிதிக்கும் மேடை உள்ள மரத்தில் அந்த உலகம் என்னவாகும்?

இன்னொன்று, ஜிப்லைனில் போகிறவர் காட்டைப் பார்ப்பதில்லை. கப்பியின் இரைச்சல், கத்தல். குவெட்சல் பறவை அந்தச் சத்தத்தில் பக்கத்தில்கூட வராது. தொங்கு பாலங்களில் ஒரு நல்ல வழிகாட்டியோடு நடங்கள். அதே உயரம், அதே விதானம், நின்று பார்க்கலாம். உயரப் பயம் உள்ளவருக்கும் அது எளிது.

கடற்பறவை

சோலைக்காடு ஐயாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த மலையில் காடு ஏன் இன்னும் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1951-இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து போரை மறுக்கும் கிறித்துவப் பிரிவினரான சில குவேக்கர் குடும்பங்கள் அங்கே குடியேறின. போருக்கு ஆள் சேர்ப்பதில் பதிவு செய்ய மறுத்துச் சிறைக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். கோஸ்டா ரிக்கா 1948-இல் தன் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு, அதுதான் அவர்களை இழுத்தது. மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்தார்கள். ஆனால் வாங்கிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, ஓடைகளின் ஊற்றுப் பகுதி என்று வெட்டாமல் விட்டார்கள். 1972-இல் உருவான காப்புக்காடு அங்கிருந்துதான் வளர்ந்தது. 1987-இல் சுவீடனில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்துக் காட்டை வாங்கத் தொடங்கினார்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இன்று "குழந்தைகளின் நிலையான மழைக்காடு" 22,000 ஹெக்டேருக்கு மேல்.

அந்த நாட்டில் 1980-களில் காடு ஏறத்தாழ கால்பங்கு நிலத்துக்குச் சுருங்கியிருந்தது. இப்போது பாதிக்கு மேல். 1996-இல் வனச் சட்டம் வந்தது, எரிபொருள் வரியிலிருந்து காடு காக்கும் நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். சுற்றுலாவும் வந்தது. மேய்ச்சல் நிலமாக இருந்தால் மாட்டுப்பாலுக்குத்தான் வருமானம். மரம் நின்றால் வழிகாட்டிக்கும், சமையல்காரருக்கும், வண்டி ஓட்டுபவருக்கும் வேலை. பக்கத்திலுள்ள சாந்தா எலேனா ஊரில் பேசிப் பாருங்கள், பாதிப் பேர் இதை வைத்துத்தான் வாழ்கிறார்கள். மேலும் பெரும்பாலான ஜிப்லைன்கள் காப்புக்காட்டின் மையத்தில் இல்லை, வெளியே தனியார் நிலங்களில், பல இடங்களில் மறுபடி வளர்ந்த காட்டில் இருக்கின்றன.

சோலைக்காடு

வேலை தருகிறது என்பதை மறுக்கவில்லை. அப்படியென்றால் நாம் யாரிடம் பணம் கொடுக்கிறோம் என்று பார்ப்போம். மேடைகள் எஃகுக் கோபுரத்தில் நிற்கின்றனவா, உயிருள்ள மரத்திலா? மரத்தில் என்றால், வடத்தை நேராகத் தண்டில் சுற்றியிருக்கிறார்களா, நடுவே மரக்கட்டைகள் கொடுத்திருக்கிறார்களா? நேராகச் சுற்றினால் மரம் பருக்கும்போது பட்டையை அறுத்து, சத்து போகும் வழியை நெரித்துவிடும். மொண்டேவெர்தேயின் தங்கத் தேரை 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அந்தக் காட்டில் இருந்த உயிர் அது, உலகில் வேறெங்கும் இல்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

எஃகுக்கயிறு

ஐயா சொன்ன மரக்கட்டை விஷயம் பயணிகளின் பாதுகாப்புக்கும் பொருந்தும். நெரிபட்ட மரம் உள்ளே உளுத்துப்போகும். பட்டைக்கும் வடத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு, ஆண்டுதோறும் தளர்த்திச் சரிசெய்கிற இடம் காட்டையும் மதிக்கிறது, உங்களையும் மதிக்கிறது.

பவளமல்லி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. போய் வந்துவிட்டோம். எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சொல்ல இருக்கிறது.

கை பிரேக் தேவைப்படாத இடத்தைத்தான் எடுத்தோம். தலைக்கு ஏறத்தாழ 55 டாலர். மின்னஞ்சலில் எஃகுக்கயிறு அண்ணன் சொன்ன ஐந்து கேள்வியையும் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் எழுதிய இடத்தில் பதிந்தேன். "கவலைப்படாதீர்கள், மிகவும் பாதுகாப்பானது" என்று மட்டும் எழுதிய இடத்தை விட்டுவிட்டேன்.

வறண்ட காலம் தொடங்கிவிட்டது என்று காகிதத்தில் இருந்தாலும், அங்கே அந்த நாட்களில் காற்றும் சாரலும் ஓயவே இல்லை. சாரல் கிடைமட்டமாக வருகிறது. மழைக்கோட்டு கட்டாயம். சாரலுக்கு நிறுத்தவில்லை. இடியோ பலத்த காற்றோ வந்தால் உடனே நிறுத்துவோம் என்றார்கள்.

முதலில் தரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பியில் பழக்கினார்கள். உட்காருவது போல் சாய வேண்டும், கணுக்காலைக் கோத்து முழங்காலை உயர்த்த வேண்டும், வழிகாட்டி கையைக் காட்டினால் கால்களை விரிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் முதல் மேடை. அங்கே என் கால் நிஜமாகவே நகரவில்லை. வழிகாட்டிப் பெண் என்னைத் தள்ளவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை. பின்னால் இருந்தவர்களை முன்னால் அனுப்பினார். கீழே பார்க்காதே, எதிர் மரத்தைப் பார் என்று சொல்லவில்லை, அது என்னவோ எல்லாரும் சொல்வார்கள். அவர் சொன்னது: "சேணத்தில் உட்கார்ந்து பார், உன் எடையை அது வாங்கிக்கொள்ளட்டும்." மேடையில் நின்றபடியே முழங்காலை மடித்தேன். பட்டை இறுகி என்னை முழுசாகத் தாங்கியது. இனி விழ இடமில்லை என்று உடம்புக்குப் புரிந்தது. மேடை விளிம்பிலிருந்து கால் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

உயரப் பயம் உள்ளவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதை. போகும்போது பயமில்லை. மேடையில் நிற்கும்போதுதான் பயம். கம்பியில் போகும்போது மூடுபனி கீழே தரையை மறைத்திருந்தது, மர உச்சிகள் மட்டும் பச்சையாக எழுந்து நின்றன. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

மகளை நீளமான கம்பிகளில் வழிகாட்டியோடு சேர்த்தே அனுப்பினோம். நித்யகல்யாணி அக்கா சொல்லியிருக்காவிட்டால் எனக்குக் கேட்கத் தோன்றியிருக்காது. அன்றைக்கு அடித்த எதிர்க்காற்றில் தனியாகப் போயிருந்தால் நிச்சயம் நடுவில் நின்றிருப்பாள்.

சோலைக்காடு ஐயா, உங்கள் பேச்சையும் கேட்டோம். மறுநாள் மாமியாரோடு எல்லாரும் தொங்கு பாலங்களுக்குப் போனோம். வழிகாட்டி ஒரு கிளையைக் காட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தந்தார். அரிசி மணியைவிடச் சின்ன ஆர்க்கிட் பூ. கம்பியில் போனபோது இப்படி எத்தனை கிளைகளைக் கடந்து வந்திருப்போம் என்று மகளே கேட்டாள். மாமியார் அந்தப் பாலத்தை விட்டு வரவே மனமில்லாமல் நின்றார். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பாலத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று இப்போது நானும் சொல்வேன். இரண்டும் முடிந்தால் ஜிப்லைனை முதல் நாள் வையுங்கள். உயரம் பழகிவிடும், மறுநாள் பாலத்தில் நின்று நிதானமாகப் பார்க்க முடிகிறது.

சோலைக்காடு

படித்து மனம் நிறைந்தது, சகோதரி. உங்கள் மகள் கேட்ட கேள்வி போதும் எனக்கு. குவெட்சல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை போங்கள், கூடு கட்டும் காலம். அந்தக் காலத்தின் பின்பகுதியில் காற்றும் அடங்கும்.

தாழம்பூ

நானும் மார்ச்சில் போகிறேன், இந்த இழை ரொம்ப உதவியது. இரண்டு கேள்வி: கண்ணாடி போட்டிருப்பவர்கள் என்ன செய்வது? முதுகுத்தண்டில் டிஸ்க் விலகல் இருந்து இப்போது குணமாகியிருக்கிறது, போகலாமா?

நித்யகல்யாணி

கண்ணாடியின் இரு காம்புகளிலும் மாட்டுகிற கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீளமுடியை ஹெல்மெட்டுக்குள் இறுக்கிக் கட்டுங்கள், கப்பியில் சிக்கும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி வேண்டாம். விரல் மூடிய காலணி. போனைக் கையில் பிடிக்காதீர்கள், ஜிப் வைத்த பைக்குள் இருக்கட்டும்.

எஃகுக்கயிறு

முதுகு விஷயத்தில் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். அவரிடம் இப்படிக் கேளுங்கள்: மறுமுனையில் ஸ்பிரிங் தடையில் மோதும்போது ஒரு குலுக்கல் வரும், கூடவே சேணத்தில் காலைத் தூக்கி உட்காருவதில் இடுப்பின் கீழ்ப்பகுதி மடங்கியே இருக்கும். இந்த இரண்டுக்கும் சரி என்றால் போங்கள். டார்ஸான் ஊஞ்சல் என்று ஒன்று சில இடங்களில் அதே கட்டணத்தில் சேர்த்துத் தருவார்கள், உயரத்திலிருந்து சட்டென்று விழுந்து ஊசலாடுவது. குணமான முதுகு என்றாலும் அதை எடுக்காதீர்கள். முகம் கீழாகப் படுத்துப் போகும் சூப்பர்மேன் கம்பியும் வேண்டாம், கழுத்தையும் முதுகையும் நீண்ட நேரம் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்று சொன்னால் பக்கத்துப் படிவழியாக இறக்கிவிடுவார்களா என்று பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.